மீத்தேர்வு விதி

ஒரு துகளமைப்பின் எந்த இரண்டு நிலைகளையும் கூட்டிப் புதிய நிலை ஒன்றைப் பெறலாம் என்னும் மேற்பொருந்தல் கொள்கைக்கு எல்லை வகுக்கும் குவாண்டம் இயற்பியல் விதி. ஜான் கார்லோ விக், ஆர்தர் வைட்மன், யூஜின் விக்னர் ஆகியோர் 1952இல் ‘ஃபிசிகல் ரிவ்யூ’ இதழில் இதை முன்வைத்தனர்.

இதற்கான வாதம் எளிமையும் அழகும் கொண்டது. ஓர் அமைப்பை 360 பாகை சுழற்றினால், முழு எண் தற்சுழற்சி கொண்ட நிலை மாறுவதில்லை. அரை எண் தற்சுழற்சி கொண்ட நிலையின் குறி மட்டும் எதிராகும். இரண்டையும் கூட்டி ஒரு நிலை அமைத்தால், முழுச் சுழற்சிக்குப் பின் கூட்டல் கழித்தலாகிவிடும். ஆனால் முழுச் சுழற்சி எந்த அளவீட்டையும் மாற்றக்கூடாது. ஆகவே அவ்விரண்டுக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை எந்த அளவீடும் காட்டாது. அந்தக் கூட்டுநிலை வெறும் நிகழ்தகவுக் கலவைக்குச் சமம்.

இதைத் தேர்வு விதியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஹைட்ரஜனின் 2எஸ் நிலை ஒற்றை ஃபோட்டானை உமிழ்ந்து இறங்குவதைத் தேர்வு விதி தடுக்கிறது. ஆயினும் இரண்டு ஃபோட்டான்களை உமிழ்ந்து சுமார் 0.12 விநாடியில் அது 1எஸ் நிலைக்கு வந்துவிடுகிறது. அவ்விரு நிலைகளையும் மேற்பொருத்தவும் முடியும். மீத்தேர்வு விதிக்கு இத்தகைய மாற்றுவழி கிடையாது.

காலப்போக்கில் நிலைகள் மாறும் விதத்தையும் இது கட்டுப்படுத்துகிறது. நிலைகள் அனைத்தும் அடங்கிய ஹில்பர்ட் வெளி தனித்தனிப் பிரிவுகளாகப் பிளவுபடுகிறது. நிலைகளின் காலமாற்றத்தைத் தீர்மானிக்கும் ஹாமில்டோனியன் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மட்டுமே செயல்படுகிறது. ஒரு பிரிவில் தொடங்கிய நிலை என்றும் அதிலேயே இருக்கும். கலவையாயின், பிரிவுகளின் நிகழ்தகவுகள் மாறுவதில்லை.

மின்னூட்டத்துக்கும் இவ்விதி உண்டு. ஓர் அமைப்பின் மொத்த மின்னூட்டத்தை, காஸ் விதிப்படி, தொலைவிலுள்ள மின்புலமே சொல்லிவிடும். அமைப்புக்குள் செய்யும் எந்த அளவீடும் அதை மாற்றாது. குவாண்டம் மின்னியக்கவியலில் ஸ்ட்ரோக்கியும் வைட்மனும் 1974இல் இதற்கு நிறுவல் தந்தனர். துகள்களின் மற்றொரு குவாண்டம் எண்ணான விந்தைப் பண்புக்கு இப்படியொரு தடை இல்லை. அதனால்தான் மின்னூட்டமற்ற கேயானும் அதன் எதிர்த்துகளும் மேற்பொருந்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றாக அலைவுறுகின்றன.

1967இல் அஹரோனோவும் சஸ்கின்டும் ஆழமான மறுப்பொன்றை எழுப்பினர்: பொருத்தமான ஒப்பீட்டு அமைப்பு ஒன்று கையிலிருந்தால், வேறுபட்ட மின்னூட்ட நிலைகளின் கட்ட வேறுபாட்டையும் அளக்கலாம், அளக்கப்படும் அமைப்பையும் ஒப்பீட்டு அமைப்பையும் சேர்த்த மொத்த மின்னூட்டம் மட்டும் மாறாதிருக்கும். 1975இல் நியூட்ரான் குறுக்கீட்டுச் சோதனைகள் 360 பாகைச் சுழற்சியின் குறிமாற்றத்தை நேரடியாகக் காட்டின. இது விதிமீறல் அன்று; அங்கே பிரிந்து சேரும் இரு கதிர்களும் அரை எண் தற்சுழற்சி கொண்டவையே.

1982இல் வோய்செக் சூரெக், சூழலுடன் ஏற்படும் பிணைப்பே கட்டத் தொடர்பைக் கரைத்து, நடைமுறையில் மீத்தேர்வு விதிகளை உண்டாக்குகிறது என்று காட்டினார். இவை முற்றானவை அல்ல, காலப்போக்கில் உருவாகுபவை. மின்னூட்ட விதியையும் இவ்வகையில் சேர்த்துப் பார்க்கும் இயற்பியலாளர்கள் உள்ளனர்.