கடலுக்குள் சிலைகள்: யார் இறக்குவது, யாருக்காக?

மன்னாரின் தெற்கே, முசலிப் பிரதேசத்தில் சிலாவத்துறையைத் தாண்டினால் கொண்டச்சி. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற குடா இது. பருவம் வந்தால் வெறும் மணற்கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். இந்தியக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாட்களும் வணிகர்களும் வந்து சேர்வார்கள். பருவம் முடிய மிஞ்சுவது சிப்பி ஓடுகள்தான்.

இன்று உலகின் பல கடல்களில் சிற்பிகள் சிலைகளைச் செய்து கடலடியில் இறக்குகிறார்கள். இலங்கையிலும் அது நடந்திருக்கிறது. மனிதருக்கும் கடலுக்கும் உள்ள உறவைப் பேசும் இந்தக் கலை வடக்குக் கடலுக்கு என்ன தரக்கூடும், எந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதைக் கொண்டச்சியிலிருந்து பார்ப்பது பொருத்தமானது.

கடலடிச் சிற்பம் என்றால் என்ன?

இந்தக் கலையை உலகறியச் செய்தவர் பிரித்தானியச் சிற்பி ஜேசன் டி கெயர்ஸ் டெய்லர். 2006 இல் கரீபியன் தீவான கிரனடாவில் கடலடிச் சிற்பப் பூங்கா ஒன்றை அமைத்தார். கைகோத்து வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் சிலைகள் அங்கே புகழ்பெற்றவை. பின்னர் மெக்சிக்கோவின் கான்கூன் கடலில் நூற்றுக்கணக்கான சிலைகள் இறக்கப்பட்டன. உள்ளூர் மக்களின் உடலிலிருந்தே பல சிலைகளுக்கு அச்சு எடுக்கப்பட்டது.

சாதாரண சீமெந்தின் காரத்தன்மை குஞ்சு உயிர்களுக்கு ஒவ்வாது. ஆகவே அது குறைந்த தனி வகைச் சீமெந்தைப் பயன்படுத்துகிறார்கள். பவளமும் பாசியும் பற்றிக்கொள்ள மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுகிறார்கள். மீன்கள் ஒளிய ஓட்டைகள் வைக்கிறார்கள். உயிருள்ள பவளத்தின் மேல் விழாதபடி வெறும் மணல் தரையைத் தெரிந்தெடுக்கிறார்கள். சில வருடங்களில் சிலையின் முகமே தெரியாமல் போய்விடும். மனித உருவத்தை மற்ற உயிர்களிடம் ஒப்படைப்பதுதான் இந்தக் கலையின் பொருள்.

பார்: இயற்கையே இட்ட அடித்தளம்

கொண்டச்சிக் கடலோடிகளுக்கு இது புதிய செய்தியல்ல. கடலடியில் உள்ள கற்பாங்கான திட்டுகளை நாம் 'பார்' என்கிறோம். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்று முத்துப் பார்களுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. முத்துச்சிப்பியின் குஞ்சு சில வாரங்கள் நீரில் மிதந்து, பிறகு கடினமான ஒன்றைப் பற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். வெறும் மணலில் விழுந்தால் அழிந்துவிடும்.

1902 இல் இந்தப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், குஞ்சுகள் பற்றிக்கொள்ளக் கல்லும் ஓடும் போன்ற கடினமான பொருட்களைக் கடலில் இடவேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆனால் ஆசை முந்திக்கொண்டது. 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1905 இல் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906 இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. 1907 க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பே இல்லை. கடலில் எதை இட்டாலும், எடுப்பதற்கு எல்லை வைக்காவிட்டால் பயனில்லை என்பதை இந்தக் கடல் அப்போதே காட்டிவிட்டது.

அரிப்பில் 1801 க்கும் 1804 க்கும் இடையில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையும் இதற்குச் சாட்சி. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய எழுந்த கட்டடம் அது. ஊரவர்கள் 'அல்லிராணி கோட்டை' என்பார்கள். கடலரிப்பில் அதன் பகுதிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன.

இலங்கையில் நடந்தவை

2020 ஏப்ரலில் காலித் துறைமுகத்துக்கு அருகே நாட்டின் முதலாவது கடலடி அருங்காட்சியகத்தைக் கடற்படை அமைத்தது. அதே ஆண்டில் திருகோணமலையிலும் ஒன்றை அமைத்தது. மீன் பெருகுவதும் சுற்றுலாவும் நோக்கங்களாகச் சொல்லப்பட்டன. 2021 ஜூனில் நெடுந்தீவுக்கு அப்பால் பழைய பஸ்கள் கடலில் இறக்கப்பட்டபோது இராமேஸ்வரம் மீனவர்கள் எதிர்த்தார்கள். அவை செயற்கைப் பார்கள் ஆகும் என்றது அரசு. வலைகள் கிழியும், கடல் மாசடையும் என்றார்கள் மீனவர்கள்.

மீனவரே இறக்கிய மாபிள்

இதற்கு நேர்மாறான அனுபவம் இத்தாலியில் உண்டு. டஸ்கனிக் கரையில் உள்ள தலமோனே என்ற ஊரின் மீனவர் பாவ்லோ ஃபன்சியுல்லி, சட்டவிரோத இழுவைப் படகுகளால் கடலடி அழிவதைக் கண்டு பல ஆண்டுகள் போராடினார். கடைசியில் கராரா கற்குழியிலிருந்து 100 மாபிள் பாளங்களை நன்கொடையாகப் பெற்றார். சிற்பிகள் அவற்றைச் செதுக்கிக் கொடுத்தார்கள். 2015 முதல் அவை கடலில் இறக்கப்பட்டன. இழுவைமடி அந்தக் கல்லில் சிக்கும். சிறு வலைக்காரர் இடம் அறிந்து விலகிப் போவார்கள். சிலைகளில் உயிர்களும் குடியேறின.

எங்கள் மீனவர்களுக்கு இதன் பெறுமதி உடனே விளங்கும். 2017 இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்த பின்னும், எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வடக்குக் கடலடியை வாரிக்கொண்டே இருக்கின்றன.

முசலிக் கரையில் என்றால்

காலியும் தலமோனேயும் வேறுபடுவது சிலையின் அழகில் அல்ல, முடிவெடுத்தவர் யார் என்பதில். முசலிக் கரையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தக் கரையின் முஸ்லிம்களும் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். 2007 இல் முள்ளிக்குளத்துத் தமிழர் தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அங்கே கடற்படைத் தளம் எழுந்தது. நிலத்தைத் திருப்பிக் கேட்டு 2017 இல் மக்கள் தொடர்ந்து போராடினார்கள்.

இப்படிப்பட்ட கரையில் மேலிருந்து இறக்கும் சிலை, எவ்வளவு பவளம் படர்ந்தாலும், இன்னொரு எல்லைக்கல்லாகவே தெரியும். கரைவலை இழுக்கும் பாடு எது, நண்டு வலை விடும் இடம் எது, நீரோட்டம் எந்த மாதத்தில் திரும்பும் என்பதைத் தொழிலாளர்தான் அறிவார்கள். மீனவர் சங்கங்கள் இடத்தைக் குறித்து, கடல் ஆய்வாளர் அதைச் சோதித்து, கலைஞர் உருவம் கொடுத்தால் கதை வேறு. அந்த உருவம் ஒரு குளியாளாக இருக்கலாம், ஊரைவிட்டுப் போன ஒரு தாயாக இருக்கலாம். அதன் மேல் சிப்பிக் குஞ்சு ஒன்று பற்றிக்கொண்டால், இந்தக் கரையில் அது திரும்பி வந்தவர்களின் சின்னமாகும்.