மலைக்கு எது அடிப்படை ஆண்டு? ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகளும் 1949ஆம் ஆண்டுச் சட்டமும்

காட்டில் தங்கியிருக்கும் கார்பனைக் கணக்கிட வரும் எந்த ஆய்வு அமைப்பும் முதலில் கேட்பது ஓர் அடிப்படை ஆண்டை. கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சித் திட்டத்தில் மறுகாடு வளர்ப்புக்கு ஒரு நிலம் தகுதிபெற வேண்டுமானால், 1989 டிசம்பர் 31 அன்று அங்கே காடு இருந்திருக்கக் கூடாது என்று விதி இருந்தது. பெங்களூரில் 1996இல் தொடங்கப்பட்ட ஏட்ரீ போன்ற லாப நோக்கற்ற ஆய்வு அமைப்புகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வேலை செய்யும்போதும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குச் சட்டென்று வரும் பதில் 1988. அந்த ஆண்டுதான் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. வரலாறு படித்தவர்கள் இன்னும் பின்னே போய், சென்னை வனச் சட்டம் வந்த 1882ஐச் சொல்வார்கள். இரண்டுமே இந்த மலை முழுவதற்கும் பொருந்தாது என்பது என் கருத்து.

1882ஐச் சொல்பவர்களுக்குப் பலம் தருவது வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குஹா 1990இல் எழுதிய கட்டுரை. 1878ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் உருவான விவாதத்தை அவர் மூன்று தரப்பாகப் பிரித்தார். காடு முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆங்கிலேய அதிகாரி பேடன் பவல் ஒரு தரப்பு. நடுவழி தேடிய வனத்துறைத் தலைவர் பிராண்டிஸ் இன்னொன்று. கிராமத்தார் உரிமையைப் பேசிய சென்னை அரசு மூன்றாவது. இந்த மூன்றாம் தரப்புக்கு அவர் இட்ட பெயர் மக்கள் சார்பு. சென்னை வருவாய் வாரியம் 1878 சட்டத்தை ஏற்க மறுத்தது, அதனால்தான் இந்த மாகாணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது என்பதெல்லாம் மறுக்க முடியாதவை. குஹாவின் கட்டுரை இல்லாமல் இந்தத் துறையில் யாரும் தொடங்கவே முடியாது. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

ஆனால் அந்த விவாதம் முழுக்க ஒரு நிலத்தைக் கண்ணில் வைத்து நடந்தது. அது, குடியானவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி கிராமத்தின் புறம்போக்கு, மேய்ச்சல் காடு. அரசு ஒருபுறம், குடியானவர் மறுபுறம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலோ மூன்றாவதாக ஒருவர் நின்றார். அவர் ஜமீன்தார். தெற்கே சிவகிரி, ராஜபாளையத்தை ஒட்டிச் சேத்தூர், வடக்கே சதுரகிரிப் பக்கம் சாப்டூர் என்று மலையைத் தொட்டபடி ஜமீன்கள் இருந்தன. 1882 சட்டப்படி ஒரு நிலத்தை ஒதுக்குக் காடாக்க வேண்டுமானால், அது முதலில் அரசின் கைவசம் இருக்க வேண்டும். ஜமீன் நிலம் அப்படிப்பட்டது அல்ல. ஆக அந்தச் சட்டம் மலையின் சில பகுதிகளைத் தொட்டது, சிலவற்றைத் தாண்டிப் போனது. வருவாய் வாரியத்தின் பரிவும் அப்படித்தான், ஜமீன் எல்லையில் நின்றுவிட்டது. மக்கள் சார்பு என்ற பட்டத்தை மாகாணம் முழுமைக்கும் சூட்டும்போது இந்த எல்லை மறைந்துபோகிறது. குஹாவோடு எனக்குள்ள வழக்கு இவ்வளவுதான், ஆனால் சின்ன வழக்கு அல்ல.

எனக்கு எதிரான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசின் கைவசம் இல்லாத காடுகளைக் கட்டுப்படுத்தவும் 1882 சட்டத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. அப்படியானால் ஜமீன் காடும் சட்டத்துக்குள் இருந்ததுதானே என்று கேட்கலாம். அந்த அத்தியாயம் போதுமானதாக இருந்திருந்தால், அறுபத்தேழு ஆண்டு கழித்து இன்னொரு சட்டம் எதற்கு?

அந்த இன்னொரு சட்டம் 1949ஆம் ஆண்டின் சென்னை தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன் முதல் பிரிவில், சட்டம் எங்கே செல்லும் என்று சொல்லும் உட்பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். மலபார், தென் கன்னட மாவட்டங்களில் தனியார் காடு தொடர்ச்சியாக 100 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் சட்டம் பாயும். அடுத்த வரி எஸ்டேட்டுகளை, அதாவது ஜமீன் போன்ற நில உடைமைகளைப் பற்றியது. 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் எஸ்டேட் என்று எதைச் சொல்கிறதோ, அதனுள் இருக்கும் காடுகள் எல்லாம் சட்டத்துக்குள் அடங்கும். இங்கே ஏக்கர் கணக்கு இல்லை! ஜமீன் காடு எவ்வளவு சிறியதானாலும் கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, குத்தகைக்கு விட முடியாது, மரம் வெட்டவும் முடியாது.

ஒரு வரியில் 100 ஏக்கர் என்று எழுதிய கை, அடுத்த வரியில் அளவே எழுதாமல் விட்டது கவனக்குறைவாக இருக்க முடியாது. இதற்கு முந்தைய ஆண்டுதான் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. அதன்படி ஜமீனோடு சேர்ந்து காடும் அரசுக்குப் போகும். போகப்போகிற காட்டில் நிற்கிற மரத்தை எவர் விட்டுவைப்பார்? 1949 சட்டத்தின் முகப்புரை கண்மூடித்தனமான அழிவைத் தடுக்க என்று வெளிப்படையாகவே பேசுகிறது. கோடாரிச் சத்தம் கேட்காமல் இப்படி ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்காது என்பது என் ஊகம். இது மாகாணம் முழுமைக்கான சட்டம், சேத்தூரையோ சாப்டூரையோ பெயர் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். ஆகவே இந்த ஜமீன்களில் மரம் விழுந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. விழும் என்று அரசு அஞ்சியது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முகப்புரையில் இன்னொன்றும் இருக்கிறது. காட்டில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளில் குறுக்கிடுவதையும் தடுக்க வேண்டும் என்கிறது அது. தேனும் கல்பாசியும் நன்னாரியும் எடுத்துவந்த பளியர் பழங்குடியினருக்கு இந்த வாசகம் எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பது வேறு விஷயம். 1870களின் விவாதத்தில் குஹா கேட்ட குரல் இந்த மலைக்காட்டு நிலத்துக்குச் சட்ட வாசகமாக வந்து சேர்ந்தது 1949இல் என்பதே நான் கவனிப்பது.

இதே ஆண்டுகளில்தான் அரசுக்கு வெளியே இருந்தவர்கள் பக்கத்து மலையைப் பதிவு செய்தார்கள். 1948இல் அங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். பதப்படுத்திய உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. 1883இல் தொடங்கிய அந்தக் கழகம் அரசுத் துறை அல்ல, ஆர்வலர்களின் சங்கம். அங்கே அதன்மீது சாதாரணக் குறுமூக்கு வௌவாலின் பெயர் ஏறியது. இருபத்து நான்கு ஆண்டு அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லாங்யா அதைப் புதிய பேரினம் என்று கண்டு, லாட்டிடென்ஸ் சலிமலீ என்று பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். இந்த வௌவாலுக்கு அடிப்படை ஆண்டு எது, 1948ஆ, 1972ஆ? உயிரினம் ஓர் ஆண்டில் கைக்கு வருகிறது, இன்னோர் ஆண்டில்தான் கணக்குக்கு வருகிறது. காடும் அப்படித்தான்.

1988 சரணாலயத்தையும் இப்படியே பார்க்கிறேன். அணிலைப் பற்றி ஜோசுவாவும் ஜான்சிங்கும் செய்த ஆய்வு அச்சில் வந்தது 1994இல், அறிவிப்புக்குப் பிறகு. ராஜபாளையம் வனவிலங்குச் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புகளின் உழைப்பும் அரசாணையின் தேதியில் தெரியாது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேகமலையும் சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயின. இதையும் ஒரு தொடக்க ஆண்டாக எடுத்துக்கொள்ளும் அறிக்கைகள் வரும்.

1949ஐ மலை முழுமைக்கும் ஒரே ஆண்டாக நான் முன்வைக்கவில்லை. எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஒவ்வொரு ஜமீனுக்கும் தனித்தனி அறிவிப்பின் வழியாகவே நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிவகிரியின் தேதி சாப்டூருக்குச் செல்லாது. 1882 அரசு நிலத்துக்குப் பொருந்தலாம், ஜமீன் நிலத்துக்கு 1948க்குப் பிந்தைய ஏதோவோர் ஆண்டுதான் பொருந்தும். மலையைத் துண்டுதுண்டாகவே கணக்கிட வேண்டும்.

அதற்கு வேண்டிய சான்றை இனி ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடினால் போதாது. சேத்தூர், சாப்டூர், சிவகிரிப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் ஜமீன் காலத்து மரக் குத்தகைச் சீட்டோ, மலை எல்லை குறித்த பழைய தாளோ இருந்தால், கரையான் அரிப்பதற்குள் படமாவது எடுத்து வையுங்கள். ஒரு தேதி போதும்.