கணினி வளர்ந்த கதை – 14: புதியதா, பழையதா?

1996 டிசம்பர் 10. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் கார்டன் கோர்ட் ஓட்டல். ஆப்பிளின் தலைவர் கில் அமேலியோ தன் உயரதிகாரிகளோடு உட்கார்ந்திருந்தார். பேச வந்த இரு நிறுவனங்களின் தலைவர்களும் முன்னாள் ஆப்பிள்காரர்கள். அவர்களில் ஒருவருடைய இயங்குதளத்தை ஆப்பிள் விலைக்கு வாங்கியாக வேண்டும்.

ஆப்பிளுக்கு ஏன் இந்த நிலை? மெக்கின்டாஷ் அன்று தடுப்புச்சுவர் இல்லாத வீடு. ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தில் கைவைத்தால் கணினியே உறைந்துவிடும். அதைச் சரிசெய்ய 1994இல் தொடங்கப்பட்ட ‘கோப்லாண்ட்’ திட்டம் இழுத்துக்கொண்டே போய், 1996 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. மறுபடி முதலிலிருந்து எழுத அவகாசம் இல்லை.

வந்த தலைவர்களில் ஒருவரான ழான்-லூயி காசேயின் ‘பிஓஎஸ்’ புத்தம் புதியது. பழைய சுமை எதுவும் இல்லாமல் அடியிலிருந்து எழுதப்பட்டது. வேலையைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுத்து, ஒரே நேரத்தில் பல வீடியோக்களைத் தடங்கலின்றி ஓட்டும். ஆனால் அச்சிடும் வசதிகூட இன்னும் முழுமை பெறவில்லை. அதன் திறமை ஆப்பிளுக்கே தெரியும் என்று நம்பிய காசே, அன்று செயல்விளக்கம் எதுவும் காட்டவில்லை.

அவருக்கு முன்பே பேசியிருந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். பக்கத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘மாக்’ என்னும் கர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவி டெவானியன். இவர்களின் ‘நெக்ஸ்ட்ஸ்டெப்’ 1989இலேயே வெளிவந்தது. அதன் வேரோ 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ். நினைவகப் பாதுகாப்பு நெக்ஸ்ட்ஸ்டெப்பின் அடித்தளத்திலேயே இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் பிரவுசரை எழுதியதும் இதில்தான்.

டிசம்பர் 20இல் முடிவு வெளியானது: 40 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்குகிறது ஆப்பிள். பழையது வென்றது. சரியான முடிவு என்றே சொல்வேன். இயங்குதளத்துக்கு வயது ஒரு குறையல்ல. எத்தனை பேர் கையில் புழங்கி, எத்தனை பிழைகள் களையப்பட்டு நிற்கிறது என்பதே அதன் பலம்.

ஆனால் புதிய அடித்தளத்தின் பலன் முழுதாகக் கிடைக்க, மெக்கின்டாஷ் நிரல்களைத் திரும்ப எழுத வேண்டும். அடோபி, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களிடம் ஆப்பிள் அதைத்தான் கேட்டது. அவர்கள் மறுத்தால், கோடிகள் கொட்டி வாங்கிய இயங்குதளத்தின் பலனை முழுதாகப் பெறும் மெக்கின்டாஷ் நிரல்களே இருக்காது.

அவர்கள் சொன்ன பதில் என்ன?

(அடுத்த வாரம்)