அடிபந்தாட்டப் பாவனை லீக்குகளும் எதிராளியின் திறன் மதிப்பீடும்

அடிபந்தாட்டப் பாவனை லீக் என்பது, அமெரிக்க அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர்களின் உண்மையான ஆட்டப் புள்ளிவிவரங்களைக் கொண்டு பங்கேற்பாளர்கள் அணிகள் அமைத்து, பகடையாலோ கணினியாலோ ஆடும் போட்டி முறையாகும். இதில் மேலாளர் பந்தைத் தொடுவதில்லை. வீரர்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, வேண்டும்போது மாற்றுகிறார். எனவே, வென்றவர் திறமையால் வென்றாரா, பகடையின் தயவால் வென்றாரா என்னும் வினா இவ்விளையாட்டுடனேயே தொடர்ந்து வருகிறது.

தோற்றம்

1941-இல் வெளிவந்த 'ஆல்-ஸ்டார் பேஸ்பால்' என்னும் பலகை ஆட்டத்தை உருவாக்கியவர், முன்னாள் தொழில்முறை வீரரான ஈத்தன் ஆலன். அதில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்டத் தகடு உண்டு. அவரது ஆட்டப் பதிவுக்கு ஏற்ப அத்தகடு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சுழலும் முள் நிற்கும் இடமே முடிவு. 1951-இல் டிக் சைட்ஸ் வெளியிட்ட 'ஏபிபிஏ' ஆட்டம் பகடையையும் வீரர் அட்டைகளையும் பயன்படுத்தியது.

1961-இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' ஒரு முக்கிய மாற்றத்தைக் கொணர்ந்தது. அதில் மூன்று பகடைகள் உருட்டப்படும். தனிப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையையும், 4 முதல் 6 வரை விழுந்தால் எறிவாளரின் அட்டையையும் பார்க்க வேண்டும். இதனால் நல்ல எறிவாளரைத் தேர்ந்த மேலாளருக்கும் உரிய பலன் கிட்டியது.

அஞ்சலிலிருந்து இணையத்திற்கு

தொலைவில் வாழ்ந்தோர் அஞ்சல் வழியே லீக் நடத்தினர். வெளியூர் அணியின் மேலாளர் தம் ஆணைகளை எழுதி அனுப்புவார். உள்ளூர் மேலாளர் அவற்றின்படி ஆடி முடிவை அறிவிப்பார். எதிராளியின் நேர்மையே இதற்கு அடிப்படை. பின்னர் கணினி அப்பணியை ஏற்றது. ஜெர்மானியரான மார்க்குஸ் ஹைன்சோனின் 'அவுட் ஆஃப் தி பார்க்' 1999-இல் வெளிவந்தது. 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் தொடங்கிய 'ரொட்டிசெரி' லீக் வேறு வகை. அதில் நடப்புப் பருவப் புள்ளிவிவரங்களே நேரடியாகக் கணக்கிடப்படும்.

திறனும் வாய்ப்பும்

ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. முற்றிலும் சமபலமுள்ள அணிகள் மோதினால் ஒவ்வொன்றும் சராசரியாக 81 ஆட்டங்களில் வெல்லும். ஆயினும் நிகழ்தகவின்படி, மூன்றில் இரு பங்குப் பருவங்களில் மட்டுமே வெற்றிகள் 75-க்கும் 87-க்கும் இடையில் அமையும். 12 அணிகள் கொண்ட லீக்கில், யாருக்கும் தனித்திறன் இல்லாவிடினும், ஒன்றிரண்டு அணிகள் 88-ஐ எட்டுவது இயல்பே.

இதைச் சரிபார்க்க, ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் உதவுகிறது: எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த, கொடுத்த ஓட்டங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 800 ஓட்டங்கள் எடுத்து 700 கொடுத்த அணிக்கு 0.566 கிடைக்கும், அதாவது சுமார் 92 வெற்றிகள். அவ்வணி 98 வென்றிருந்தால், மிகுதி ஆறு பெரும்பாலும் வாய்ப்பின் கொடை எனலாம்.

ஆகவே, தேர்ந்த எதிராளியை ஒரு கோப்பையால் அளக்க இயலாது. மைதானத்தின் அளவுக்கேற்ப அணி அமைத்தல், இடக்கை எறிவாளருக்கு எதிராக வலக்கை மட்டையாளரை இறக்குதல், வீரர் பரிமாற்றத்தில் எதிர்காலத்தைக் கருதுதல் ஆகியவை பல பருவங்களில் தொடர்ந்து காணப்பட வேண்டும். தோற்ற ஆண்டிலும் இவற்றைக் கைவிடாதவரே வலிமையான எதிராளி.