கோணலான கப்புக்கு இவ்வளவு விலையா? ஜப்பான் பாணி பீங்கானில் எது அழகு, எது குறை?

விளிம்பு நேரா இல்லை. ஒரு பக்கம் தடிப்பு, இன்னொரு பக்கம் மெலிசு. அடியில் பூச்சே இல்லாம வெறும் மண் தெரியுது. ஆனா விலையோ சாதாரண பீங்கான் கப்பைவிட பல மடங்கு! 'வாபி சாபி' என்ற பெயரில் விற்கப்படும் கைவினை பீங்கான்கள் இப்படித்தான் இருக்கும். அந்தக் கோணல் வேணும்னே செஞ்சதா, செய்யத் தெரியாம வந்ததா? இதுல டீ குடிக்கலாமா? பார்க்கலாம்.

வாபி சாபி என்றால் என்ன?

எளிமையிலும், பழசாகித் தேய்வதிலும், நிறைவில்லாத வடிவத்திலும் அழகைக் காணும் ஜப்பானியப் பார்வை இது. 16-ம் நூற்றாண்டில், பளபளக்கும் சீனப் பாத்திரங்களுக்கு மவுசு இருந்த காலத்தில், தேநீர்ச் சடங்கு குரு சென் நோ ரிக்யூ (1522-1591) எளிய கிண்ணங்களை முன்னிறுத்தினார். அவரது ரசனைப்படி கியோட்டோவின் சோஜிரோ, சக்கரம் இல்லாமல் கையாலேயே வடித்த கிண்ணங்களில் இருந்துதான் 'ராகு' மரபு தொடங்கியது.

எப்படிச் செய்றாங்க?

களிமண்ணில் காற்று தங்காமல் நன்றாகப் பிசைந்து, சக்கரத்திலோ கையாலோ உருவம் கொடுக்கிறார்கள். அவசரமாகக் காயவைத்தால் விரிசல் விடும் என்பதால் மெதுவாக உலர்த்துகிறார்கள். முதல் முறை சுமார் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸில் சுட்டு, பூச்சில் முக்கி எடுத்து, மீண்டும் சுடுகிறார்கள். 'ஸ்டோன்வேர்' வகைக்கு இந்த இரண்டாவது சூடு 1,200 டிகிரியைத் தாண்டும். ஈரமண்ணில் இருந்த அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

ஜப்பானின் பிசென் பாணியில் பூச்சே கிடையாது. விறகுச் சூளையில் பல நாள் எரிப்பார்கள். பறக்கும் சாம்பல் பாத்திரத்தில் படிந்து, உருகி, தானே பூச்சாகிவிடும். அதனால்தான் ஒன்றுபோல் இன்னொன்று வராது.

புதுச்சேரிக்கு என்ன தொடர்பு?

ஜப்பானில் மண்பாண்டக் கலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971-ல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார். அங்கு பயின்ற பலர் பின்னர் சொந்தப் பட்டறைகள் அமைத்தனர்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* கோணல் இருக்கலாம். ஆனா மேசையில் ஆடக்கூடாது. உதடு படும் இடம் வழவழப்பா இருக்கணும்.

* அடியில் பூச்சு இல்லாதது குறை இல்லை. சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே அப்படி விடுகிறார்கள்.

* விரலால் சுண்டிப் பாருங்க. ஸ்டோன்வேர் கப் கணீர்னு ஒலிக்கணும். மந்தமான சத்தம் வந்தா உள்ளே விரிசல் இருக்கலாம்.

* வீட்டில் தண்ணீர் ஊற்றி, காகிதத்தின் மேல் ஒரு இரவு வையுங்க. காகிதம் ஈரமானா, அது தினசரி டீக்கு ஏற்றதல்ல.

* ராகு பாத்திரங்கள் குறைந்த சூட்டில் சுடப்படுவதால் நீரை உறிஞ்சும். உலோகம்போல மின்னும் நவீன ராகு பெரும்பாலும் அலங்காரத்துக்கே.

* ஈயம் கலந்த பூச்சுதான் உண்மையான ஆபத்து. புளி, எலுமிச்சை, ஊறுகாய் போன்ற புளிப்பு பட்டால் ஈயம் உணவில் கலக்கும்.

தங்கக் கோடு போட்ட கிண்ணம் பாதுகாப்பானதா?

உடைந்ததை ஒட்டி, அந்த விரிசலையே தங்கப் பொடியால் காட்டும் கலை 'கின்ட்சுகி'. அசல் முறையில் உருஷி மரப்பால் அரக்கைப் பயன்படுத்துவார்கள். இறுக வாரக்கணக்கில் ஆகும். இப்போது கிடைக்கும் பல ரெடிமேட் பெட்டிகளில் இருப்பது எபாக்ஸி பசையும் தங்க நிறப் பொடியும்தான். உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிடாதவரை அதில் சூடான டீ ஊற்ற வேண்டாம்.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்க: என்ன மண்? எத்தனை டிகிரியில் சுட்டது? பூச்சில் ஈயம் இல்லையா? பதில் தெளிவா வரலைன்னா, அந்த கப்பை அலமாரியில் அழகுக்கு மட்டும் வைக்கலாம்.