முதல் வேலையின் வாசல்: மேஸ்திரி முதல் ரெஃபரல் வரை

"கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது. கோடிங் தெரிந்தால் வேலை நிச்சயம்." வெப் டெவலப்பர் ஆக நினைக்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாக்குறுதி இது. முதல் பாதி உண்மைதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மனிதர்கள். அவர்கள் ஆள் எடுக்கும் முறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ரெஸ்யூமை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் தோழர்கள் அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

புதிய இயந்திரம் சாதியை ஒழிக்கும் என்ற நம்பிக்கை பழையது. இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய 1853ஆம் ஆண்டிலேயே, ரயிலைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில்கள் சாதியின் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று கார்ல் மார்க்ஸ் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாயில் பஞ்சாலைகள் எழுந்தன. கிராமத்தை விட்டு வந்த தலித்துகளுக்கு அங்கே வேலை கிடைத்தது. எந்த வேலை? கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவின் கதவு அவர்களுக்கு மூடியே இருந்தது. தறியின் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சித்தான் கோக்க வேண்டும்; தலித்தின் எச்சில் பட்டதை நாங்கள் தொடுவதா என்றார்கள் மற்றவர்கள். 1928 பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். எல்லாப் பிரிவுகளிலும் தலித் தொழிலாளருக்கு உரிமை வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஆலைகளில் ஆள் சேர்த்தவர் யார்? ஜாபர் என்று அழைக்கப்பட்ட மேஸ்திரி. தன் ஊர்க்காரர், தன் உறவினர், தன் சாதிக்காரர் என்று அவர் அழைத்து வந்தார். உள்ளே ஆள் இருந்தவருக்கு வேலை கிடைத்தது. ஆள் இல்லாதவர் வாசலில் நின்றார்.

இந்த வாசலை உடைத்தது பொதுத்துறை. சென்னை மாகாணத்தில் 1921இல் வகுப்புவாரி அரசாணை வந்தது; 1928இல் நடைமுறைக்கு வந்தபோது 12 இடங்களில் ஒன்று ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு என்றானது. 1929இல் சென்னை மாகாணத்துக்கென்று தேர்வாணையம் அமைந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அண்ணல் உறுப்பினராக இருந்தபோது, 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீதம் ஒதுக்கப்பட்டது. பிறகு அரசியல் சாசனத்தின் 16(4) பிரிவு வந்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரின் பங்கு 1971இல் 18 சதவீதமானது.

சதவீதத்தோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைத்தது. காலியிடத்தை விளம்பரப்படுத்த வேண்டும். தேர்வுக்கு மதிப்பெண் உண்டு. தேர்ந்தவர் பட்டியல் வெளியாகும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு எண் உண்டு. அலுவலகத்துக்குள் ஒருவரையும் தெரியாத கூலித் தொழிலாளியின் மகள் குமாஸ்தாவாக முடிந்தது இதனால்தான்.

பிறகு 1990கள். 1990 ஆகஸ்டில் மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்தும் அறிவிப்பு. 1991 ஜூலையில் தாராளமயம். அதே ஆண்டில்தான் உலகின் முதல் இணையதளமும் பொதுப் பார்வைக்கு வந்தது. அரசு வேலையில் நம் பங்கைப் பற்றி வடக்கே தெருவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, நல்ல சம்பளமுள்ள புதிய வேலைகள் அரசுக்கு வெளியே உருவாகத் தொடங்கின. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றின் வாசலில் 16(4) செல்லாது.

கல்லூரி வாசலை நாம் திறந்துகொண்டோம். தமிழ்நாட்டில் 2007-08 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2011இல் இலவச லேப்டாப். நம் வீடுகளுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் பெரும்பாலும் அதுதான். ஆனால் தனியார் கல்லூரியில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்த 93ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தைப் போன்ற ஒன்று தனியார் வேலைக்கு இன்றுவரை இல்லை.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஓர் ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் சாத்தியம் ஆதிக்கச் சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நிறுவனங்களின் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். தகுதிதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், வேலை கேட்டு வருபவரின் 'குடும்பப் பின்னணி'யையும் கேட்டறிவதாகச் சொன்னார்கள்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னதிலிருந்து, தமிழ்நாட்டில் பெயரின் வால் பெரும்பாலும் அறுந்துவிட்டது. அதனால் இங்கே சாதியை வேறு வழிகளில் கேட்கிறார்கள். சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்? சாப்பாடு எப்படி, வெஜ்ஜா? ஹெச்.ஆர். சுற்றில் இவற்றைக் கேட்காத தோழர்கள் நம்மில் குறைவு.

இதற்கு மேல் ரெஃபரல். அனுபவம் இல்லாத ஃப்ரெஷரை எடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. உள்ளே இருப்பவர் பெயர் சொன்னால் ரெஸ்யூம் குவியலின் மேலே போகிறது. அதைச் சொல்ல ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பழைய மேஸ்திரி இப்போது லிங்க்டுஇன்னில் இருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தோடு நம்மைத் தடுக்க வேண்டியதில்லை. அவரவர் தெரிந்தவரைச் சொன்னாலே போதும், நாம் வெளியே நிற்போம்.

என்ன செய்வது? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையைக் கைவிடக் கூடாது. அதோடு, எல்லாக் காலியிடங்களையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், முதல் கட்டத்தில் பெயரும் ஊரும் மறைத்த ரெஸ்யூமைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்போம். சட்டம் வரும்வரை நாமே செய்யக்கூடியவையும் உண்டு.

சான்றிதழை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கற்றதும் உங்கள் ஊர் நூலகத்துக்கோ, மகளிர் குழுவுக்கோ, அம்பேத்கர் மன்றத்துக்கோ உண்மையிலேயே பயன்படும் ஓர் இணையதளம் செய்யுங்கள். கோடை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்க வையுங்கள். நேர்காணலில் காட்ட ஒரு வேலை கையில் இருக்கும். ஆங்கிலத்தில் பேசும் பயிற்சியைக் கூச்சமில்லாமல் நமக்குள்ளேயே நடத்துவோம். வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்று கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போவது அப்படித்தான்.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிறுவனத்தில் காலியிடம் வந்தால் முதலில் நம் குழுவில் போடுங்கள். யாரென்றே தெரியாத ஒரு தங்கையின் ரெஸ்யூமை வாங்கித் திருத்திக் கொடுங்கள். அவள் வேலையைப் பார்த்துவிட்டு அவள் பெயரைச் சொல்லுங்கள். 1928இல் நெசவுப் பிரிவின் கதவைத் தட்ட ஒரு அம்பேத்கர் வேண்டியிருந்தது. இன்று உள்ளே நம்மில் பலர் இருக்கிறோம். கதவை உள்ளேயிருந்தும் திறக்கலாம்.