ஆஸ்டின் செவன்: ரீஸ்டோர் செய்த பழைய கார் விற்பனைக்கு வந்தால் எதையெல்லாம் பார்க்கணும்?

பளபளக்கும் பெயின்ட், புது லெதர் சீட், கூடவே 'முழுசா ரீஸ்டோர் பண்ணது' என்று ஒரு வரி. பிரிட்டனில் பழைய ஆஸ்டின் செவன் விற்பனைக்கு வந்தால் விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனா பெயின்ட்டைப் பார்த்து விலை பேசினா ஏமாறவும் வாய்ப்பிருக்கு. ஏன்?

வரியால் பிறந்த கார்

பிரிட்டனில் 1921 முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 1 பவுண்டு கார் வரி. அந்தக் குதிரைத்திறனை சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துத்தான் கணக்கிட்டார்கள். இதனால் ஃபோர்டு மாடல் டி காருக்கு வரி 20 பவுண்டைத் தாண்டியது.

அதே 1921-ல் ஆஸ்டின் நிறுவனம் கடனில் தத்தளித்தது. குட்டி கார் திட்டத்தில் நிர்வாகக் குழுவுக்கு நம்பிக்கை இல்லை. ஹெர்பர்ட் ஆஸ்டின் சொந்தப் பணத்தைப் போட்டு, ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளரை வைத்து தன் வீட்டிலேயே வடிவமைத்தார். 1922-ல் ஆஸ்டின் செவன் வந்தது. விலை 165 பவுண்டு, ஆண்டு வரி வெறும் 8 பவுண்டு. 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாராகின.

எல்லாமே 'வின்டேஜ்' தானா?

இல்லை. பிரிட்டனின் பழைய கார் வட்டாரத்தில் 1919 முதல் 1930 வரை தயாரானதை மட்டுமே 'வின்டேஜ்' என்பார்கள். 1934-ல் வந்த 'ரூபி' அந்தக் கணக்கில் சேராது.

எங்கே சிக்கல்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கார்கள் மலிவாகக் கிடைத்தன. பலர் மூடிய பாடியைக் கழற்றிவிட்டு ரேஸ் காராக மாற்றினார்கள். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கட்டிய முதல் காரும் ஆஸ்டின் செவன் மேல் உருவானதுதான்.

அதனால் இன்று 'அல்ஸ்டர்' ரேஸ் மாடல் மாதிரி தெரியும் ஒரு கார், சாதாரண சலூன் சேசிஸ் மேல் புது பாடி வைத்ததாக இருக்கலாம். ஓட்ட நல்லாத்தான் இருக்கும். அதை 'ரெப்ளிகா' என்று சொல்லி விற்றால் தப்பில்லை. ஒரிஜினல் விலை கேட்டால்தான் பிரச்னை.

பேப்பரில் என்ன பார்க்கணும்?

* சேசிஸ், எஞ்சின் எண்கள் பதிவுச் சான்றோடு பொருந்துதா?
* கார் பிறந்தபோது கிடைத்த நம்பரா, பின்னாளில் கொடுத்ததா? 1983-க்குள் கணினிப் பதிவில் ஏறாத நம்பர்கள் கைவிட்டுப் போயின. திரும்பப் பெற பழைய ஆவணம் வேணும்.
* 'வி5சி' என்ற பதிவுச் சான்று உரிமையாளர் யார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. வாங்கிய ரசீதும் கேட்கணும்.
* ரீஸ்டோர் வேலையின் பில்களும் போட்டோக்களும் இருக்கா? பெயின்ட்டுக்குக் கீழே என்ன நடந்தது என்று அவைதான் சொல்லும்.

காரில் என்ன பார்க்கணும்?

பல மாடல்களில் பாடிக்குள் மரச் சட்டம் உண்டு. அது உளுத்திருந்தால் கதவு தொங்கும், சரியாக மூடாது. 1936-க்கு முந்தைய எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்க இரண்டே பேரிங்தான். அதிக வேகத்தில் விரட்டினால் உடையக்கூடும்.

1930 வரை முன் பிரேக்குக்குக் கை லிவர், பின் பிரேக்குக்குக் கால் பெடல் என்று தனித்தனி. கிளட்ச் பெடல் நகரும் தூரமும் ரொம்பக் குறைவு. பழகாதவர் கையில் கார் குலுங்கித்தான் கிளம்பும். அதனால் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு பண்ணாம, ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

இப்போ வரி எவ்வளவு?

பூஜ்யம். பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தை 'வரலாற்று வாகனம்' என்று பதிவு செய்தால் வரி இல்லை. கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் ஆண்டுத் தகுதிச் சோதனையும் வேண்டாம். ஆனா இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டி ஓடத் தகுதியாக இருக்கணும் என்ற பொறுப்பும் உரிமையாளருக்கே.

வரிக்குப் பயந்து உருவான காருக்கு இன்று வரியே கிடையாது. அந்தச் சலுகையிலும் கேள்வி ஒன்றுதான்: காரில் எவ்வளவு மாத்தியிருக்காங்க?